மாட்டுவதும் மாட்டிக்கொள்வதும்

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், அதன் சங்கிலி முனையில் இருக்கும் கொக்கியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நாய் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். கட்டைவிரலால் ஒரு சின்னக் குமிழைக் கீழே இழுத்தால்தான் அந்தக் கொக்கி திறக்கும். விரலை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். நாய் எவ்வளவு இழுத்தாலும், கம்பத்தில் உரசினாலும் திறக்காது. மனிதக் கட்டைவிரல் ஒன்று மனசு வைக்க வேண்டும்.

அடுத்து சாவிக்கொத்தைப் பாருங்கள். பெல்ட்டில் மாட்டிக்கொள்ள நீள்வட்டமாக ஒரு கொக்கி இருக்கும். அதன் ஒரு பக்கம் சின்னக் கதவு. உள்பக்கமாகத் தள்ளினால் திறக்கும். எதன் மேல் வைத்து அழுத்தினாலும் 'டக்' என்று அதை உள்ளே வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். ஒரு கை போதும், பார்க்கக்கூட வேண்டாம்.

இந்த வாரம் இந்த இரண்டு கொக்கிகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்கும்போது கொக்கிக்கு இவ்வளவு பக்கமா என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது ரகம், தண்ணீருக்கு அடியில் ஆளைக் கொல்லக்கூடியது. அதைத்தான் நம் ஊரில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, சொந்தமாகச் சாமான் வாங்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் முதுகிலும் இடுப்பிலும் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குகிறார்கள்.

ஸ்கூபா இப்போது எட்டாத சமாசாரம் இல்லை. அந்தமானுக்குத் தேனிலவு போகிறவர்கள் ஒரு முறை முங்கிவிட்டு வருகிறார்கள். புதுச்சேரியிலும் சென்னைப் பக்கம் கோவளத்திலும் கற்றுத் தருகிறார்கள். ஐ.டி. கம்பெனி இளைஞர்கள் சனி, ஞாயிறுகளில் போய் வருகிறார்கள். நல்ல விஷயம். முதுகில் சுமப்பது ஆக்ஸிஜன் சிலிண்டர் அல்ல, வெறும் காற்றுதான் என்பதாவது நாலு பேருக்குத் தெரியவந்திருக்கிறது.

ரெகுலேட்டர் வாங்கும்போது நம் ஆட்கள் ஒரு மாதம் ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். முகக் கண்ணாடிக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். கொக்கி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எதைக் கையில் திணிக்கிறாரோ அதுதான். சில சமயம் இலவசமாகத் தருவார். இலவசம் என்றால் நமக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது.

எதற்குக் கொக்கி? டைவரின் உடம்பில் தொங்கும் சாமான்கள் கொஞ்சமல்ல. சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதி என்று காட்டும் பிரஷர் கேஜ், அவசரத்துக்கு இரண்டாவது ரெகுலேட்டர், டார்ச், கேமரா, மேலே மிதவை அனுப்பக் கயிறு சுற்றிய ரீல். இவை காலுக்கடியில் ஆடிக்கொண்டிருந்தால் பவளத்தில் இடிக்கும், எதிலாவது சிக்கும், தேவைப்படும்போது கைக்கு அகப்படாது. அதனால் மார்புப் பட்டையிலும் இடுப்பிலும் இருக்கும் டி-ரிங் என்ற வளையங்களில் மாட்டி வைக்க வேண்டும். மாட்டுகிற அந்தப் பொருள்தான் நம் விவாதப் பொருள்.

இனி என் கதை.

சில வருஷங்களுக்கு முன் புதுச்சேரிக்கு அப்பால் பதினாறு மீட்டர் ஆழத்தில் இருந்தேன். தண்ணீர் கலங்கல். கை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு மேல் உத்தரவாதமில்லை. பாறை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கூட வந்தவர்தான் என்று நினைத்தேன். அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். முன்பக்கமாக இன்னும் பலமாக உதைத்தேன். பிடி இறுகியது. திரும்பிப் பார்க்க முயன்றேன், டார்ச்சும் சேர்ந்து சுற்றிக்கொண்டது. கூட வந்தவர் திரும்பி வந்து முதலில் என் தோளை அழுத்தி 'அசையாதே' என்று கையால் சொன்னார். பிறகுதான் குனிந்து பார்த்தார். பாறையில் சிக்கி அறுந்து கிடந்த பழைய மீன்வலை. அதன் மூன்று இழைகள், டார்ச்சை மாட்டியிருந்த என் சாவிக்கொத்து ரகக் கொக்கிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. நான் கடந்து போகும்போது வலை அந்தக் கதவை உள்ளே தள்ளியிருக்கிறது. கதவு விருந்தோம்பல் மிக்கது, உள்ளே விட்டுவிட்டது. வெளியே போகும்போதுதான் மூடிக்கொண்டது.

அவர் டார்ச்சைக் கழற்றி விட்டுவிடலாம் என்று பார்த்தார். முடியவில்லை. வலை இழுத்த இழுப்பில் கொக்கி டி-ரிங்கோடு இறுகிக் கிடந்தது. டார்ச்சுக்கும் கொக்கிக்கும் நடுவில் நான் பெருமையாகப் போட்டிருந்தது இரட்டைச் சுற்று எஃகு வளையம். கத்தியால் எஃகை அறுக்க முடியுமா? கடைசியில் வலை இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி அறுத்தார். என் கேஜ் 110-ல் இருந்து 70-க்கு வந்திருந்தது. நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

நாலு நிமிஷத்தில் நாற்பது பார் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. பதினாறு மீட்டரில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கரையில் இழுப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் காற்று போகிறது. அதோடு பயம் வேறு. பயந்தவன் இரண்டு மடங்கு வேகமாக மூச்சு விடுவான். கணக்கைப் பெருக்கிப் பாருங்கள். இன்னும் ஆழத்தில், கூட ஆள் இல்லாமல், சிலிண்டரில் காற்று இன்னும் குறைவாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

கரைக்கு வந்ததும் கொக்கி விற்ற கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், அவர் மட்டும் அல்ல இப்படி. அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க. மாட்டறது ரொம்ப ஈஸி."

மாட்டறது ஈஸி. இந்த இரண்டு வார்த்தைகளோடுதான் என் சண்டை.

இந்தக் கதவு ரகக் கொக்கிக்கு டைவர்கள் உலகத்தில் ஒரு செல்லப் பெயர் உண்டு: 'சூசைட் கிளிப்'. தற்கொலைக் கொக்கி. நான் வைத்த பெயர் இல்லை. நீரடிக் குகைகளில் இறங்குகிறவர்களிடம் புழங்கும் பெயர். அமெரிக்காவில் வட ஃப்ளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் மைல் கணக்கில் நீர் நிரம்பிய குகைகள் இருக்கின்றன. உள்ளே போகிறவர் வாசலில் இருந்து ஒரு மெல்லிய நைலான் நூலை விட்டுக்கொண்டே போவார். அடியில் இருக்கும் வண்டல் கிளம்பினால் கண்ணுக்கு முன் எதுவும் தெரியாது. அப்போது அந்த நூலை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டுதான் வாசலுக்குத் திரும்ப வேண்டும். நூல் போனால் ஆள் போனார்.

ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அங்கே நடந்த சாவுகளை எல்லாம் ஆராய்ந்து 1979-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் காட்டிய முக்கியக் காரணங்கள் மூன்று: வாசல் வரை தொடர்ச்சியாக நூல் இல்லாதது, திரும்பி வர மூன்றில் இரண்டு பங்குக் காற்றை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது. நூலின் அருமை புரிகிறதல்லவா? அந்த நூலின் ஓரமாகப் போகும்போது உங்கள் இடுப்பில் எதைத் தொட்டாலும் விழுங்கும் கொக்கி ஒன்று வாய் திறந்து தொங்கினால் என்ன ஆகும்? உயிர் காக்கும் நூலே உங்களைக் கட்டிப் போட்டுவிடும். சாமானைக் குறை, தொங்குவதைக் குறை என்று பில் ஹோகார்த் மெயின் என்பவர் தன் உடம்பில் செய்து காட்டிய ஒழுங்குமுறை அவர் பெயராலேயே வழங்குகிறது. தொண்ணூறுகளில் அதை வளர்த்து ஒரு இயக்கமாகவே ஆக்கினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த கொக்கி எது தெரியுமா? போல்ட் ஸ்னாப். நம் நாய்ச் சங்கிலிக் கொக்கியின் துருப்பிடிக்காத அண்ணன்.

"சார், நான் எங்கே குகைக்குப் போகப்போறேன்? அந்தமான்ல மீன் பார்க்கப் போறேன்" என்பது முதல் பதில். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வலையில் மாட்டும் வரை. குகையில் ஒரே ஒரு நூல், அதுவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த நூல். நம் கடலில் எங்கே என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பாறைகளில் சிக்கி விடப்பட்ட வலைகள், அறுந்த தூண்டில் கயிறுகள், நங்கூரக் கயிறுகள். நரம்பு வலை என்று மீனவர்கள் சொல்வார்களே, அது தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மீனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்தது, நமக்கு மட்டும் தெரியுமா? நியாயமாகப் பார்த்தால் ஃப்ளோரிடாக் குகையை விட நம் கரையோரத்தில்தான் இந்தக் கொக்கியைப் பார்த்து அதிகம் பயப்பட வேண்டும்.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். "இது மலையேறுகிறவர்கள் போடற காரபினர் சார். ரெண்டு டன் தாங்கும்." தாங்கும்தான். மலையேறுகிறவனின் எதிரி விழுவது. கொக்கி பிய்ந்துவிடக்கூடாது, அதுதான் அவன் கவலை. தண்ணீருக்குள் யாரும் விழுவதில்லை. இங்கே எதிரி, விடுபட முடியாமல் போவது. அரைக் கிலோ டார்ச்சுக்கு ரெண்டு டன் கொக்கி எதற்கு? மாட்டிக்கொண்டால் ரெண்டு டன் பலத்தோடு பிடித்துக்கொள்ளும், அதற்கா?

இது ஒன்றும் மேல்நாட்டு ஞானம் இல்லை. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் பாரத்தால் அடிக்குப் போவார்கள். கல்லை இடுப்பில் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கல் கட்டிய கயிற்றில் ஒரு சுருக்கு, அதில் கால் பாதம். அடி தொட்டதும் காலை உருவிக்கொண்டால் போதும், மேலே இருப்பவர்கள் கல்லை இழுத்துக்கொள்வார்கள். முடிச்சு அவிழ்க்க வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. இறங்குவதற்கு முன்பே விடுபடுவதை யோசித்தவர்கள் அவர்கள். ஸ்கூபாவிலும் எடைப் பட்டையை ஒரே கையால் ஒரே இழுப்பில் அவிழ்த்துப் போட முடிய வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம். அதே பாடத்தைக் கொக்கி வாங்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

ஒரு கொக்கியைக் கையில் எடுத்தால் மாட்டிப் பார்க்காதீர்கள். கழற்றிப் பாருங்கள். நான் சொன்னால் மட்டும் திறக்குமா? நான் சொன்னால் கட்டாயம் திறக்குமா? திறக்காமல் சதி செய்தால் கத்தியால் அறுத்துவிட்டுப் போக வழி இருக்கிறதா? மூன்றே கேள்விகள். கதவு ரகம் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

போல்ட் ஸ்னாப் முதல் கேள்வியில் ஜெயிக்கும். இரண்டாவதில் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். மணல் புகுந்தால் குமிழ் நகராது. உப்புக் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். குளிர்க் கடலில் தடித்த கையுறையோடு சின்னக் கொக்கியைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் கொஞ்சம் பெரிய குமிழாகப் பார்த்து வாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதையும் மீறி மக்கர் பண்ணினால்? அங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது.

கொக்கியை டார்ச்சோடும் கேஜோடும் இரும்பு வளையம் போட்டுச் சேர்க்காதீர்கள். நைலான் நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி, நடுவில் இறுக்கி, முடிச்சுப் போடுங்கள். உலோகத்தோடு உலோகம் சேரக்கூடாது என்பது குகை டைவர்களின் பழைய விதி. எங்கே எது சிக்கினாலும் நூலை ஒரே வெட்டு, நீங்கள் சுதந்திரப் பறவை. டார்ச் போனால் போகிறது.

இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கு மனசு ஒப்பாது. "நூல் வீக் ஆச்சே சார், வளையம்னா ஸ்ட்ராங்." ஃப்யூஸ் கட்டை ஞாபகம் இருக்கிறதா? அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் புத்திசாலி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருந்தார். அதற்குப் பிறகு ஃப்யூஸ் போகவே போகாது, வீடுதான் போகும். எங்காவது ஒரு இடத்தில் வேண்டுமென்றே பலவீனம் வைக்க வேண்டும், அதுவும் நாம் தேர்ந்தெடுத்த இடத்தில். என் எஃகு வளையம் அந்தத் தடித்த கம்பிதான்.

உலோகத்தைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. கடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று சொன்னதும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பாத்திரங்கள் பலவும் 304 ரகம். கடலுக்கு 316 நல்லது. அதில் மாலிப்டினம் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் உப்பு அவ்வளவு சுலபத்தில் அரிக்காது. காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, அந்த வித்தையை நம்பாதீர்கள். தரமான பித்தளையும் பரவாயில்லை. ஆபத்து, துத்தநாகத்தை வார்த்து மேலே பளபளவென்று முலாம் பூசியது. முதல் மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி உப்பில் பொரிந்துவிடும். வெளி உடம்பு நன்றாக இருந்து, உள்ளே ஸ்பிரிங் மட்டும் சாதா எஃகாக இருக்கிற மோசடியும் உண்டு. வாங்கிய புதிதில் எல்லாம் சிரிக்கும், ஆறு மாதத்தில் குமிழ் இறுகும். அப்படியானால் நாய்ச் சங்கிலிக் கொக்கியையே போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். அமைப்பு ஒன்றுதான், உலோகம் வேறு. நாய் கடலில் இறங்குவதில்லை.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பான்களும் வந்திருக்கின்றன. சுலபம்தான். பக்கத்தில் திசைகாட்டி இருந்தால் அதன் முள் கரைக்குப் பதில் உங்கள் நெஞ்சைக் காட்டும். சுருள் கயிறு இழுத்து நீளும் பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். இழுத்தால் வரும், விட்டால் போகும், மணல் புகுந்த அன்று ரெண்டும் நடக்காது. சுலபம் என்று விளம்பரம் செய்யும் எதையும் ஒரு முறைக்கு ரெண்டு முறை உற்றுப் பாருங்கள்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். இந்தக் கொக்கி விஷயத்தை மதமாக்கிக்கொண்டு, ஒரு கதவுக் கொக்கியைப் பார்த்தாலே அந்த ஆளோடு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களோடு ஒரு படகில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால், வலையே மேல் என்று தோன்றும். பத்து வருஷமாக அதே கதவுக் கொக்கியோடு முங்கி, ஒன்றும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். ஹெல்மெட் போடாமல் பத்து வருஷம் பைக் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். நமக்குப் பேட்டி கொடுப்பது அவர்கள்தான். மற்றவர்களால் பேட்டி கொடுக்க முடியாது.

சொந்தமாகச் சாமான் இல்லாமல் வாடகைக்கு எடுப்பவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான். கொடுத்ததை மாட்டிக்கொண்டு குதிக்காதீர்கள். கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கொக்கியையும் இடது கையால் ஒரு முறை, வலது கையால் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். கழலாததை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். கற்றுத் தருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மாணவன் இடுப்பில் தொங்கும் கதவுக் கொக்கியை முதல் நாளே கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் விலைக்கு முன்னால் நல்ல கொக்கியின் விலை தூசு. அதில் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டிவிடப் போவதில்லை.

கடைக்காரர் என் மீது பரிதாபப்பட்டு அந்தக் கொக்கியைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்தவர் இடுப்புக்குத்தான் போகும். இப்போது அது என் வீட்டுச் சாவிக்கொத்தில் இருக்கிறது. பெல்ட்டில் மாட்டுவது ரொம்ப ஈஸி.